தானியங்கி விற்பனைத் தடம்

தானியங்கி விற்பனைத் தடம் என்பது பல இடங்களில் நிறுவப்பட்டு, ஒரே உரிமையாளரால் ஒழுங்கான இடைவெளியில் பொருள் நிரப்பப்பட்டுப் பணம் எடுக்கப்படும் தானியங்கி விற்பனை இயந்திரங்களின் தொகுதி ஆகும். நொறுக்குத் தீனி, குளிர்பானம், காப்பி, மெல்லும் கோந்து முதலியன இவ்வியந்திரங்கள் வழியே விற்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய தடம் ஒரு தனிச் சிறுதொழிலாகக் கருதப்படுகின்றது. பயன்படுத்தப்பட்ட இயந்திரங்களும் அவை நிற்கும் இடங்களும் ஒன்றாகச் சேர்த்து ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு விற்கப்படுவது அங்கு வழக்கமாகும்.

குறைந்த முதலீட்டில், வேறு வேலையில் இருந்துகொண்டே நடத்தக்கூடிய தொழில் என்ற எண்ணத்தினால் ஓய்வு பெற்றோரும், புதிதாகக் குடியேறியோரும், சேமிப்பைத் தொழிலில் இட விரும்புவோரும் இதனை நாடுகின்றனர். எனினும் தடம் ஒன்றின் விலையில் இயந்திரங்களின் மதிப்பு ஒரு பகுதி மட்டுமே. எஞ்சிய பகுதி, இயந்திரம் ஓர் இடத்தில் தொடர்ந்து நிற்கும் என்ற எதிர்பார்ப்புக்குத் தரப்படும் விலையாகும். இந்த எதிர்பார்ப்புக்கு எழுத்து வடிவிலான சான்று பெரும்பாலும் இல்லை என்பதே இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

வரலாறு

நாணயம் இட்டால் பொருள் தரும் பொறியைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரோன் என்பவரது நூலில் காணப்படுகின்றது. கோயிலில் நாணயத்தின் எடையால் நெம்புகோல் தாழ்ந்து சிறிதளவு புனிதநீர் வழியும்படி அப்பொறி அமைந்திருந்தது.

தற்கால வணிக இயந்திரங்கள் 1880களில் தோன்றின. இலண்டனில் பெர்சிவல் எவரிட் என்பவர் அஞ்சலட்டை விற்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். 1888இல் தாமசு ஆதம்சு கோந்து நிறுவனம், நியூயார்க் நகரின் உயர்த்தப்பட்ட தொடருந்துப் பாதையின் நிலைய மேடைகளில் மெல்லும் கோந்து விற்கும் இயந்திரங்களை நிறுவியது. ஒரே உரிமையாளரின் இயந்திரங்கள் பல இடங்களில் பரவியிருக்க, ஆள் ஒருவர் சுற்றிவந்து பொருள் நிரப்பும் முறைக்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

1936ஆம் ஆண்டு இத்தொழிலில் இரண்டு காரணங்களுக்காகக் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் தேசியத் தானியங்கி விற்பனைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ராண்டால்ஃப்-செப்பர்டு சட்டம், கூட்டரசுக் கட்டடங்களில் விற்பனை நிலையங்களை நடத்தும் வாய்ப்பைப் பார்வையற்றோருக்கு வழங்கியது. பின்னர் 1954, 1974 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகையால் கூட்டரசுக் கட்டடத்தில் நிற்கும் இயந்திரத்தின் இடத்தை, மற்ற இடங்களைப் போல ஒரு தட உரிமையாளர் எளிதில் கைமாற்ற இயலாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெருகியபோது தடங்களும் பெருகின. 1960களில் தாள்பணத்தை ஏற்கும் கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தன. 2000களுக்குப் பின் கடன் அட்டை வழியாகவும், பின்னர் கைப்பேசி வழியாகவும் பணம் செலுத்தும் முறை பரவியது. 2020இல் கொரோனா வைரசுத் தொற்றினால் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, அலுவலகக் கட்டடங்களையே நம்பியிருந்த தடங்கள் பெரும் இழப்பைக் கண்டன. இயந்திரங்கள் பழுதின்றி இருந்தபோதிலும் அவற்றின் முன் வாங்குவோர் இல்லை.

தடத்தின் கூறுகள்

ஒரு தடம் விற்கப்படும்போது பொதுவாகப் பின்வருவன கைமாறுகின்றன.

• இயந்திரங்களும் அவற்றின் சாவிகளும்
• இயந்திரங்கள் நிற்கும் இடங்களுக்கான ஒப்பந்தங்கள் அல்லது வாய்மொழி இசைவு
• கையிருப்புப் பொருட்களும் இயந்திரங்களில் மீதிச் சில்லறைக்காக உள்ள நாணயங்களும்
• அட்டை வாசிப்புக் கருவிகளும் அவற்றுக்கான சேவைக் கணக்குகளும்
• சில வேளைகளில் சரக்கு வண்டியும் பண்டக அறையும்

இயந்திரம் நிற்கும் இடத்தின் உரிமையாளர் இந்த விற்பனையில் ஒரு தரப்பினர் அல்லர். ஆனால் மின்சாரம் அவருடையது. வாசலைத் திறப்பவரும் அவரே. இடத்துக்கு ஈடாக அவருக்கு விற்பனையில் ஒரு பங்கு தரப்படுவதுண்டு. பங்கு ஏதும் கேளாமல், ஊழியரின் வசதிக்காக மட்டும் இடம் தருவோரும் உளர். சிறு தடங்களில் பெரும்பாலும் எழுத்து ஒப்பந்தம் இருப்பதில்லை. ஒப்பந்தம் உள்ள இடங்களிலும், முப்பது நாள் முன்னறிவிப்புடன் இயந்திரத்தை அகற்றச் சொல்லலாம் என்ற விதி பரவலாகக் காணப்படுகின்றது. ஒப்பந்தத்தை மற்றொருவருக்கு மாற்றித் தர இட உரிமையாளரின் இசைவு வேண்டும் என்ற விதியும் இருக்கக்கூடும்.

பயன்படுத்தப்பட்ட இயந்திரங்கள்

நொறுக்குத் தீனி இயந்திரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சுருள் கம்பிகள் வரிசையாக இருக்கும். கம்பி ஒரு சுற்றுச் சுழலும்போது ஒரு பொட்டலம் விழும். குளிர்பான இயந்திரங்களில் கேன்கள் அல்லது குப்பிகள் நெடுவரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். கோந்து, மிட்டாய் போன்றவற்றைத் தரும் சிறிய இயந்திரங்களுக்கு மின்சாரமே தேவையில்லை; கைப்பிடியைத் திருகினால் போதும்.

வென்டோ, டிக்சி-நார்கோ, ராயல் வென்டர்சு, ஆட்டோமேட்டிக் புராடக்ட்சு, கிரேன் நேஷனல் முதலியவை பழைய சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் பெயர்களாகும். இவற்றுள் டிக்சி-நார்கோ, ஆட்டோமேட்டிக் புராடக்ட்சு ஆகிய இரண்டும் 2006இல் கிரேன் நிறுவனத்தின் வசமாயின. பெட்டியும் சுருள்களும் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியவை. விரைவில் பழுதடைபவையும் காலாவதியாகுபவையும் பின்வரும் உறுப்புகளே.

குளிரூட்டும் அலகு: கம்ப்ரசர் அடங்கிய இவ்வலகைப் பல வகை இயந்திரங்களில் தனியே கழற்றி மாற்ற முடியும். மிகப் பழைய இயந்திரங்களில் ஆர்-12 என்னும் குளிர்பொருள் இருக்கலாம். ஓசோன் படலத்தைக் காக்கும் பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவில் இதன் உற்பத்தி 1995ஆம் ஆண்டின் இறுதியுடன் நிறுத்தப்பட்டது. குளிர்பொருள் சுற்றைத் திறந்து பழுதுபார்ப்பவர் தூய காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவின்படி சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும்.

தாள்பண ஏற்பி: ஒரு டாலர் தாளின் அடிப்படை வடிவம் 1963இலிருந்து மாறவில்லை. ஆனால் ஐந்து டாலர் தாள் 2008இல் புதிய வடிவில் வெளியிடப்பட்டது. மென்பொருள் மாற்றப்படாத பழைய ஏற்பிகள் புதிய தாளை ஏற்பதில்லை.

கட்டுப்பாட்டுப் பலகை: நாணயமாற்றி, தாள்பண ஏற்பி, அட்டை வாசிப்பி ஆகியவற்றை இயந்திரத்துடன் இணைக்கும் எம்டிபி என்னும் பொது இணைப்பு முறை 1990களில் நிலைபெற்றது. இம்முறை இல்லாத இயந்திரத்தில் அட்டை வாசிப்பியைப் பொருத்துவது கடினம்.

அட்டை வாசிப்பி: இக்கருவி கைப்பேசி வலையமைப்பு வழியாக இயங்குகின்றது. அமெரிக்காவின் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறை வலையமைப்பை 2022இல் நிறுத்தியபோது, அதனை மட்டுமே நம்பியிருந்த பழைய வாசிப்பிகள் பயனற்றுப்போயின.

இயந்திரத்தின் எடையும் கருத்தில் கொள்ளப்பட வேண்டியதாகும். நிரப்பப்படாத குளிர்பான இயந்திரம் 300 கிலோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும். பொருளை விழச் செய்யவோ இலவசமாகப் பெறவோ இயந்திரத்தைச் சாய்த்தும் குலுக்கியும் 1978 முதல் 1995 வரை ஐக்கிய அமெரிக்காவில் குறைந்தது 37 பேர் இறந்தனர் என நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. இயந்திரத்தை இடம் மாற்றுவதற்கு ஏற்றத் தட்டு உள்ள வண்டியும் பழகிய ஆட்களும் தேவைப்படுவதால், மலிவாகக் கிடைத்த இயந்திரத்தின் அடக்க விலை உயர்ந்துவிடுவதுண்டு.

உரிமை பற்றிய ஐயம்

குளிர்பான நிறுவனங்களின் பெயரும் சின்னமும் கொண்ட இயந்திரங்களுள் பல, அந்தப் பானத்தை நிரப்பி வழங்கும் நிறுவனங்களுக்கே சொந்தமானவை. தம் பானங்களை மட்டுமே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவை தட உரிமையாளருக்கு இரவலாகத் தரப்படுகின்றன. இவ்வகை இயந்திரத்தை விற்கும் உரிமை தட உரிமையாளருக்கு இல்லை. ஒவ்வோர் இயந்திரத்தின் வரிசை எண்ணையும் எழுதி, அது யாருடையது என உறுதிசெய்தல் இதனாலேயே தேவையாகின்றது. விற்பவர் கடனுக்கு ஈடாக இயந்திரங்களை எழுதிக் கொடுத்துள்ளாரா என்பதை மாநில அரசுச் செயலாளர் அலுவலகத்தின் பதிவுகளில் தேடிப் பார்க்க இயலும்.

வருவாயைச் சரிபார்த்தல்

தடத்தின் விற்பனை நீண்டகாலமாக நாணயமாகவும் தாள்பணமாகவும் வந்தமையால், விற்பவர் சொல்லும் வருவாய்க்கும் அவர் வரித்துறைக்குக் காட்டிய வருவாய்க்கும் வேறுபாடு காணப்படுவதுண்டு. "கணக்கில் காட்டாத பணமும் உண்டு" என்னும் கூற்று இச்சந்தையில் வழக்கமானது. அக்கூற்றை உண்மையென ஏற்பவர், தம்மால் சரிபார்க்க முடியாத வருவாய்க்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்.

சரிபார்க்கும் வழிகள் சில உள்ளன.

• மின்னணு இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகை, தொடக்கம் முதல் விற்ற மொத்தத் தொகையை அழிக்கவியலாத எண்ணியில் பதிந்து வைக்கின்றது. இரண்டு வெவ்வேறு நாட்களில் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வேறுபாட்டைக் கண்டால் இடைப்பட்ட காலத்தின் விற்பனை தெரியும். பலகையே மாற்றப்பட்டிருந்தால் பழைய மொத்தம் பயன்படாது. ஆயினும் இரு நாட்களுக்கு இடைப்பட்ட வேறுபாடு பயன்படும்.
• அட்டை வழி விற்பனையின் அறிக்கைகள் சேவை நிறுவனத்தின் கணக்கில் நாள்வாரியாக இருக்கும்.
• மொத்தக் கடைகளில் பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகள் விற்பனையின் அளவைக் காட்டும். வாங்காத பொருளை விற்க முடியாது.
• விற்பனை வரிக்காக மாநில அரசுக்கு அளிக்கப்பட்ட படிவங்கள், விற்பவரே ஒப்புக்கொண்ட தொகையைக் காட்டும்.
• விற்பவருடன் ஒரு முழுச் சுற்று உடன்சென்று ஒவ்வோர் இயந்திரத்திலும் எடுக்கப்படும் பணத்தை எண்ணலாம். அப்போது இட உரிமையாளர்களையும் நேரில் காண முடிகின்றது.

விற்பவரே இயந்திரத்தில் பணம் இட்டு எண்ணியை உயர்த்துவதும், விற்பனைக்கு முந்திய வாரங்களில் விலையைக் குறைத்து விற்பனையைக் கூட்டுவதும் இயலக்கூடிய செயல்களே. எனவே ஏதேனும் ஒரு சான்றை மட்டும் நம்பாமல் பலவற்றை ஒப்பிடுவதே பயனளிக்கின்றது.

விலை மதிப்பீடு

தடத்துக்கு விலை கூறும்போது மொத்த விற்பனையே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றது. மொத்த விற்பனைக்கும் நிகர ஆதாயத்துக்கும் இடையேயுள்ள தொலைவைப் பின்வரும் கற்பனைக் கணக்கு விளக்குகின்றது.

20 இயந்திரங்கள் கொண்ட தடம் ஒன்றில் ஒவ்வோர் இயந்திரமும் வாரத்துக்கு 60 டாலர் விற்பதாகக் கொள்வோம். ஆண்டு விற்பனை 62,400 டாலர். விலையிலேயே அடங்கியுள்ள விற்பனை வரி 6 விழுக்காடு எனவும், விற்பனையில் பாதி அட்டை வழியாக வருகின்றது எனவும், அதற்குக் கட்டணம் 5.5 விழுக்காடு எனவும் கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும்.

• விற்பனை: 62,400 டாலர்
• பொருளின் அடக்க விலை, விற்பனையில் பாதி: 31,200 டாலர்
• இட உரிமையாளர்களுக்குப் பங்கு, 5 விழுக்காடு: 3,120 டாலர்
• விற்பனை வரி: 3,532 டாலர்
• அட்டைக் கட்டணம்: 1,716 டாலர்
• எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்பீடு: 6,000 டாலர்
• மீதி: 16,832 டாலர்

இம்மீதி முழுவதும் ஆதாயம் அன்று. பொருள் வாங்க, வண்டி ஓட்ட, நிரப்ப, நாணயம் எண்ண வாரத்துக்கு 15 மணிநேரம் ஆகின்றது எனவும், மணிக்குக் கூலி 15 டாலர் எனவும் கொண்டால், உழைப்பின் மதிப்பு ஆண்டுக்கு 11,700 டாலர் ஆகும். அதனைக் கழித்தால் எஞ்சுவது 5,132 டாலர் மட்டுமே. இத்தடத்துக்கு 40,000 டாலர் கொடுத்தவர், போட்ட முதலைத் திரும்பப் பெற ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை இயந்திரங்களில் பெரும் பழுது எதுவும் நேரக்கூடாது.

இக்கணக்கில் இடங்களின் பங்கும் புலப்படுகின்றது. விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைத் தரும் நல்ல இடங்கள் சில கைவிட்டுப் போனால், வரவிலிருந்து ஏறத்தாழ 4,566 டாலர் குறையும். எரிபொருளும் உழைப்பும் அதே அளவில் குறைவதில்லை. அப்போது ஆண்டு ஆதாயமாக எஞ்சுவது 566 டாலர். அதாவது வாங்கியவர் தொழிலுக்கு உரிமையாளராக இருந்தும், தம் கூலியை மட்டுமே பெறுபவராகிறார்.

இதனால் தடங்களை மதிப்பிடும்போது இயந்திரங்களின் மறுவிற்பனை விலை தனியாகவும், இடங்களின் மதிப்பு தனியாகவும் கணக்கிடப்படுகின்றன. எல்லா இடங்களும் இழக்கப்பட்டாலும் கையில் எஞ்சுவது முதற்பகுதி மட்டுமே.

ஒப்பந்தமும் கைமாற்றமும்

இடங்களை இழக்கும் இடரை விற்பவரும் பகிர்ந்துகொள்ளும் வகையில் ஒப்பந்தங்கள் எழுதப்படுவதுண்டு. விலையின் ஒரு பகுதியை உடனே தராமல், சில மாதங்கள் கழித்து இடங்கள் நிலைத்துள்ளனவா எனப் பார்த்துத் தருவது ஒரு முறை. விலையைத் தவணைகளாக விற்பவரே பெற்றுக்கொள்வது மற்றொரு முறை. விற்றவர் அதே பகுதியில் புதிய இயந்திரங்களுடன் திரும்பி வந்து பழைய இடங்களைப் பிடித்துக்கொள்ளாதிருக்க, போட்டியிடாமை உறுதிமொழியும் சேர்க்கப்படுகின்றது.

பல மாநிலங்களில், தொழிலை விற்றவர் செலுத்தாமல் விட்ட விற்பனை வரி வாங்கியவர் மீது விழக்கூடும். இதனைத் தவிர்க்க மாநில வரித்துறையிடம் நிலுவையின்மைச் சான்று பெறப்படுகின்றது. கூட்டரசு வருமான வரியில், இயந்திரங்களுக்கான விலை தேய்மானமாகக் கழிக்கப்படுகின்றது. நன்மதிப்புக்கும் போட்டியிடாமை உறுதிமொழிக்கும் கொடுத்த விலை 15 ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படுகின்றது. ஆகவே விலையை எவ்வாறு பிரித்து எழுதுவது என்பதில் இரு தரப்பினரின் நலனும் வேறுபடலாம்.

கைமாறிய பின் பூட்டுகளின் உள்ளுருளைகளை மாற்றுவது வழக்கம். பழைய சாவியின் படி எத்தனை பேரிடம் உள்ளது என்பது புதிய உரிமையாளருக்குத் தெரியாது. விற்றவர் புதியவரை ஒவ்வோர் இடத்துக்கும் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவதும் கைமாற்றத்தின் ஒரு பகுதியாகும். எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இந்த அறிமுகமே ஒப்பந்தத்தின் இடத்தை நிரப்புகின்றது.

மோசடிகளும் சட்டப் பாதுகாப்பும்

தடம் விற்பனை என்ற பெயரில் நடந்த மோசடிகள் அமெரிக்காவில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. விளம்பரம் கொடுத்து, உயர்ந்த வருவாயை உறுதிகூறி, மலிவான இயந்திரங்களைப் பன்மடங்கு விலைக்கு விற்பது இவற்றின் பொதுவான முறை. நல்ல இடங்களைப் பிடித்துத் தருவதாகச் சொல்லப்படும். பின்னர் கிடைப்பவை ஆள் நடமாட்டம் குறைந்த கடைகளாக இருக்கும். பணம் கொடுத்து அமர்த்தப்பட்ட பொய்ச் சான்றாளர்கள், தாம் இத்தொழிலில் நன்கு சம்பாதிப்பதாகத் தொலைபேசியில் கூறுவதும் உண்டு. 1998இல் கூட்டரசு வணிக ஆணையமும் மாநில அரசுகளும் இணைந்து இத்தகைய விற்பனை இயந்திரத் திட்டங்களுக்கு எதிராகத் தொகுப்பாக நடவடிக்கை எடுத்தன.

தொழில்வாய்ப்புகள் முதலில் உரிமக்கிளை விதியின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டன. 2012 மார்ச் 1 முதல் தனியான தொழில்வாய்ப்பு விதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி, இயந்திரங்களுக்கு இடம் பிடித்துத் தருவதாகக் கூறிப் புதிய தொழிலை விற்பவர், பணம் பெறுவதற்கோ ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கோ குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் ஒரு வெளிப்படுத்தல் படிவத்தை அளிக்க வேண்டும். விற்பவர் மீதான வழக்குகள், பணத்தைத் திரும்பத் தரும் நிபந்தனைகள், முன்னர் வாங்கியோரின் விவரம் ஆகியவை அதில் இடம்பெறும். வருவாய் பற்றி எதையேனும் உறுதிகூறினால் அதற்கான ஆதாரம் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்விதி பொய்யான வாக்குறுதியைத் தடுப்பதற்கானது. நேர்மையாக நடத்தப்பட்ட தடத்திலும் ஓர் இடம் அடுத்த மாதம் மூடப்படாது என்று எந்த விதியும் உறுதி கூறுவதில்லை.

பிற ஒழுங்குமுறைகள்

• 20 அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரங்களை வைத்திருப்போர், விற்கும் உணவின் கலோரி அளவை வாங்குமுன் தெரியும்படி காட்ட வேண்டும் என்ற உணவு, மருந்து நிருவாகத்தின் விதி 2014இல் வெளியிடப்பட்டது. சிறு தடத்தை வாங்கிப் பழைய தடத்துடன் சேர்ப்பவர் இவ்வெல்லையைக் கடக்கக்கூடும்.
• 2014 சூலை முதல், அரசுப் பள்ளி உணவுத் திட்டங்களில் சேர்ந்த பள்ளிகளில் பள்ளி நேரத்தில் மாணவருக்கு விற்கப்படும் நொறுக்குத் தீனிகள் வேளாண் துறையின் சத்துணவு அளவீடுகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இதனால் பள்ளிகளை மையமாகக் கொண்ட தடங்களின் பொருட்பட்டியல் மாறியது.
• மாற்றுத்திறனாளிகளுக்கான 2010ஆம் ஆண்டின் வடிவமைப்பு அளவீடுகள், இயந்திரத்தின் பொத்தான்களும் பணம் இடும் துளையும் தரையிலிருந்து 15 முதல் 48 அங்குல உயரத்துக்குள் இருத்தல் வேண்டும் என வகுக்கின்றன. மிகப் பழைய இயந்திரங்கள் சில இதற்குப் பொருந்துவதில்லை.
• விற்பனை வரியின் அளவும், இயந்திரத்தில் உரிம ஒட்டி இருக்க வேண்டுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

• தானியங்கி விற்பனை இயந்திரம்
• சிறுதொழில்
• உரிமக்கிளை
• நன்மதிப்பு (கணக்கியல்)
• விற்பனை வரி

பகுப்புகள்: வணிகம் | சிறுதொழில்கள் | ஐக்கிய அமெரிக்கப் பொருளாதாரம்